பாலி ஃபார்மரின் மூளை சொன்ன கணக்கு

கார் விற்கும் இடத்தில் வேலை பார்த்த காலத்தில் அந்த மனிதருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வரிசையாக நிற்கும் கார்களின் திறந்த ஜன்னல்களைக் குறிவைத்து, முட்டை வடிவப் பந்து ஒன்றை முஷ்டியால் குத்தி அனுப்பிக்கொண்டே இருப்பார். பந்து ஜன்னல் வழியாக உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. அவர் பெயர் கிரஹாம் ஃபார்மர். சிறுவயதில் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்ததால் கிளிப்பிள்ளை என்ற பொருளில் ‘பாலி’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் அவரை யாரும் கிரஹாம் என்று சொல்வதில்லை.

ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால், அந்த ஊர்க்காரர்கள் பேச்சில் ‘ஃபூட்டி’, நாம் அறிந்த கால்பந்தும் அல்ல, ரக்பியும் அல்ல. கிரிக்கெட் மைதானம் அளவுள்ள நீள்வட்டத்தில் அணிக்குப் பதினெட்டு பேர். பந்தைக் கையால் எறியக் கூடாது. உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். இந்தக் குத்துக்குப் பெயர் ஹேண்ட்பால். ஃபார்மருக்கு முன்பு, வேறு வழியே இல்லாமல் எதிரிகள் சூழ்ந்துகொண்டால் மட்டும் செய்யும் காரியமாக அது இருந்தது. அதைத் தாக்குதல் ஆயுதமாக்கியவர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள்.

1935ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலில் பிறந்த இவர், நூங்கர் பூர்வகுடி மரபைச் சேர்ந்தவர். பெர்த்தில் சிஸ்டர் கேட் இல்லம் என்ற குழந்தைகள் காப்பகத்தில் வளர்ந்தார். இளம்பிள்ளை வாதம் தாக்கியதில் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் தேர்ந்தெடுத்த இடம், அணியிலேயே அதிகம் குதிக்க வேண்டிய ‘ரக்மேன்’ இடம்.

ரக்மேன் வேலை இதுதான். ஃபார்மர் ஆடிய காலத்தில், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவர் பந்தை நடு வட்டத்துத் தரையில் ஓங்கி அடிப்பார், அது மேலே எழும்பும். இரு அணிகளின் நெட்டையர்களும் எதிரெதிரே ஓடி வந்து குதித்து, பந்தைத் தம் ஆளுக்குத் தட்டிவிடப் பார்ப்பார்கள். ஃபார்மர் 191 சென்டிமீட்டர் உயரம். அந்த இடத்துக்கு அது பிரமாதமான உயரம் என்று சொல்ல முடியாது. அவர் எதிராளிக்கு ஒரு கணம் முந்திக் குதிப்பார். பிறகு எதிராளியின் உடம்பின் மீதே சாய்ந்து ஏறி, அந்தரத்தில் நிற்பதுபோல் தெரிவார்.

இதில் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. நேரே மேலே குதிக்கும் யாருமே, காற்றில் இருக்கும் மொத்த நேரத்தில் சரிபாதியை உயரத்தின் மேல் கால்பகுதியிலேயே கழிக்கிறார்கள். மேலே போகப் போக வேகம் குறைகிறது அல்லவா, அதனால். 60 சென்டிமீட்டர் குதிப்பவர் காற்றில் இருப்பது சுமார் 0.7 நொடி. அதில் 0.35 நொடி உச்சியின் 15 சென்டிமீட்டருக்குள் போய்விடும். அந்த உச்சிக் கணத்தில் எதிராளியின் தோளோ நெஞ்சோ முட்டுக்கொடுத்தால் கீழே இறங்குவது இன்னும் தாமதமாகும். அந்தத் துளி நேரத்தில் ஃபார்மர் பந்தைத் தட்டுவதற்குப் பதில் பிடித்தே விடுவார். தரைக்கு வருமுன் அது ஓடிக்கொண்டிருக்கும் தோழனின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

1953 முதல் ஈஸ்ட் பெர்த் அணி, 1962ல் விக்டோரியாவுக்கு வந்து ஜீலாங், 1968 முதல் வெஸ்ட் பெர்த். ஜீலாங்குக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், அந்த ஆண்டின் பெரும்பகுதி வீணானது. மறு ஆண்டு, 1963 இறுதிப்போட்டியில், ஜீலாங் 109 புள்ளிகள் எடுத்து ஹாதார்னை 49 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தது. 1971ல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது, ஃபூட்டி வீரர் ஒருவருக்கு முதன்முறையாக. பெர்த் நகரின் அடியில் சுரங்கமாக ஓடும் நெடுஞ்சாலைக்கு இன்று அவர் பெயர். மூன்று அணிகளுக்குமாக 356 ஆட்டங்கள். அந்த எண்ணிக்கை பதிவேட்டில் இருக்கிறது. அத்தனை ஆட்டங்களிலும் தலை எத்தனை முறை குலுங்கியது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படி எழுதவேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அவரது முதுமை மறதி நோயோடு கழிந்தது. அல்சைமர் என்றுதான் வெளியுலகம் அறிந்திருந்தது. 2019 ஆகஸ்ட் 14 அன்று 84 வயதில் இறந்தபின், அவரது மூளை ஆராய்ச்சிக்குத் தரப்பட்டது. 2018ல் சிட்னியில் தொடங்கிய ஆஸ்திரேலிய விளையாட்டு மூளை வங்கியில், மைக்கேல் பக்லண்ட் தலைமையிலான குழு அதைப் பரிசோதித்தது. 2020ன் தொடக்கத்தில் முடிவு வெளிவந்தது: க்ரானிக் ட்ராமாட்டிக் என்செபலோபதி, சுருக்கமாக சி.டி.இ., தலை திரும்பத் திரும்ப அதிர்வதால் வரும் மூளைச் சிதைவு. நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை. ஃபூட்டி வீரர் ஒருவருக்கு இந்நோய் உறுதியானது அதுவே முதல் முறை.

மண்டை ஓட்டுக்குள் மூளை எப்படி இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். கெட்டியான ஓட்டுக்குள் இளம் நுங்கு இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 1.4 கிலோ எடை, சுற்றிலும் மெல்லிய நீர்ப்படலம். மெதுவாக அசைந்தால் அந்த நீர் மெத்தையாகக் காக்கும். சட்டென்று திருப்பினால்தான் சங்கடம். தண்ணீர் நிறைந்த குண்டானை வெடுக்கென்று திருப்பிப் பாருங்கள். பாத்திரம் திரும்பிவிடும், தண்ணீர் நின்ற இடத்திலேயே தங்கும். தலை சுழலும்போதும் ஓடு முதலில் போகிறது, மூளை பின்தங்கி இழுபடுகிறது. இதற்குத் தலையில் அடி விழவேண்டும் என்பதுகூட இல்லை. நெஞ்சில் வாங்கிய முட்டும் கழுத்தை வெட்டி இழுத்து அதே வேலையைச் செய்யும். தலைக்கவசம் மண்டை உடையாமல் காக்கும், உள்ளே நுங்கு குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது.

இழுபடுவது எது? நரம்பணுக்களின் நீண்ட வால்கள், ஆக்சான்கள். ஜவ்வு மிட்டாயைப் பதமாக இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். ஆக்சானின் குணமும் கிட்டத்தட்ட அதுதான். தினசரி அசைவுகளில் வளைந்து கொடுக்கும் அதே இழை, சில மில்லிநொடிகளில் இழுக்கப்பட்டால் உள்ளே முறிகிறது.

ஆக்சானுக்குள் நுண்குழல்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. கட்டடத்துக்குச் சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டி, அதன்மேல் ஏறிச் செங்கல்லும் கலவையும் கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். நரம்பணுவும் தனக்கு வேண்டிய சரக்கை இந்த நுண்குழல் சாரத்தின் மேல்தான் கொண்டுபோகிறது. கம்புகளைப் பிணைக்கும் கயிறாக இருப்பது டௌ என்ற புரதம். அதிர்ச்சியில் சாரம் ஆட்டம் காணும்போது, டௌ மீது பாஸ்பேட் தொகுதிகள் அளவுக்கு மீறி ஏறிக்கொள்கின்றன. அப்படி ஏறிய டௌ, குழலைப் பிடித்துக்கொள்ளாமல் கழன்றுவிடும். கழன்ற கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிச் சிக்காகத் திரளும். சாரமும் பலவீனமாகிறது, சிக்கும் வழியை அடைக்கிறது. காலப்போக்கில் அந்த அணு சாகிறது. இந்தக் கெட்டுப்போன டௌ பக்கத்து அணுவுக்கும் தாவிப் பரவுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆட்டத்தை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் நோய் வளர்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

அல்சைமரிலும் டௌ சிக்கு உண்டு. பிறகு எப்படி இரண்டையும் பிரித்துச் சொல்கிறார்கள்? இடத்தை வைத்து. மூளையின் மேற்பரப்பு மடிப்பு மடிப்பாக இருக்கிறது. தலை சுழலும்போது மடிப்பின் அடிப்பள்ளத்தில்தான் இழுவிசை அதிகம் குவிகிறது. சி.டி.இ.யில் டௌ முதலில் சேர்வதும் அங்கேதான், அதுவும் சின்ன ரத்தக்குழாய்களைச் சுற்றி. அல்சைமர் தொடங்கும் இடம் வேறு, அதில் அமிலாய்டு என்ற இன்னொரு புரதத்தின் படிவுகளும் சேர்ந்து வரும். எனக்கு இந்த நோயில் மிக வியப்பாகப் படுவது இந்த விஷயம்தான்: எப்போதோ விழுந்த இடிகளின் விசைப்படத்தை மூளை தன் மடிப்புகளில் வரைந்து வைத்திருக்கிறது.

அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு மூளையை வாரக்கணக்கில் ஃபார்மலினில் ஊறவைத்து, இறுகியபின் மயிரிழையிலும் மெல்லிய சீவல்களாக வெட்டி, கெட்டுப்போன டௌவில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளால் சாயமேற்ற வேண்டும். பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். உயிரோடிருப்பவருக்கு இதை உறுதிசெய்யும் சோதனை இன்றுவரை இல்லை. டௌவைக் காட்டும் பெட் ஸ்கேன் முயற்சிகள் நடக்கின்றன, ஆனால் நம்பித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அவை தேறவில்லை.

நோய் புதிதல்ல. 1928லேயே அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், குடிகாரன்போல் தள்ளாடும் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி எழுதிவிட்டார். குத்துச்சண்டைக்காரர்களின் தொல்லை என்று உலகம் அதை ஒதுக்கி வைத்திருந்தது. 2002ல் பிட்ஸ்பர்கில் பென்னட் ஒமாலு, அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் இதைக் கண்டபிறகுதான் மற்ற ஆட்டங்களின் பக்கம் பார்வை திரும்பியது. ஆஸ்திரேலியாவில் ஃபார்மருக்குப் பின் டேனி ஃப்ராலி, ஷேன் டக், பெண்கள் லீக்கில் ஆடி 28 வயதில் இறந்த ஹெதர் ஆண்டர்சன் என்று பட்டியல் நீண்டது. மூளையைத் தானம் செய்ய முன்வருவது பெரும்பாலும் தொல்லையை அனுபவித்த குடும்பங்கள் என்பதால், இதை வைத்து ஆடியவர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு நோய் வரும் என்று கணக்குப் போடுவது தப்பு. தலையில் அடிபட்ட எல்லோருக்கும் இது வருவதும் இல்லை.

ஆய்வாளர்கள் இப்போது அதிகம் கவலைப்படுவது சின்ன இடிகளைப் பற்றி. வீரர் மயங்கி விழுந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, அடுத்த பந்துக்கு ஓடும் இடிகள் யார் கண்ணிலும் படுவதில்லை. மயக்கம் வந்தது எத்தனை தடவை என்பதைவிட, எத்தனை ஆண்டுகள் ஆடினார், மொத்தமாக எவ்வளவு விசை தலைக்கு ஏறியது என்பதோடுதான் சி.டி.இ. நெருக்கமாகப் பொருந்துகிறது. மூளை அதிர்ச்சி அடைந்தவர் குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது என்று 2021ல், ஃபூட்டியின் தேசிய லீக்கான ஏ.எஃப்.எல்.லில் விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்த அடிக்கு மட்டுமே.

தெரியாத அடிகளைக் குறைக்க எங்கே கை வைப்பது? ஷேன் டக்கின் மரணத்தை விசாரித்த விக்டோரியா மாநில கரோனர் (மரண விசாரணை அதிகாரி), 2023 டிசம்பரில், உடம்போடு உடம்பு மோதும் பயிற்சிகளுக்கு வரம்பு வைக்கச் சொன்னார். ஆட்ட நாளில் மோதலைத் தவிர்க்க முடியாது. பயிற்சி நாட்கள் அப்படி அல்ல, அவை எண்ணிக்கையிலும் அதிகம்.

ஃபூட்டியின் போக்கையே மாற்றிய அந்த ஹேண்ட்பாலை ஃபார்மர் பழகியது யார்மீதும் மோதாமல்தான். ஒரு பந்து, ஒரு முஷ்டி, கண்ணாடி இறக்கிய ஒரு கார் ஜன்னல்.