கப்பல் உங்களுக்காக நிற்காது

இந்தக் கோடையிலும் அதே போன் வந்துவிட்டது. இரவு 11 மணி நெருங்கும்போது இத்தாலியிலிருந்து ஒரு குரல்: "சார், கப்பல் எங்க கண் முன்னாடியே போகுது. கேப்டன்கிட்ட பேசித் திருப்பச் சொல்லுங்க." 60 வயதைத் தாண்டிய தம்பதி. தாங்களாகவே ரோமுக்குப் போய் வாட்டிகனைப் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கென்று ரயில்வே வேலைநிறுத்தம். கையில் ஒரு தோள்பையும் கப்பல் அட்டையும் மட்டும்தான். பாஸ்போர்ட், அந்த அம்மாவின் இன்சுலின் எல்லாம் கேபினில்.

கப்பல் பயணங்களைப் பதிவு செய்து கொடுப்பது என் தொழில். மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

பயணத்திட்டத்தில் 'ரோம்' என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது சிவிடவெக்கியாவில். அங்கிருந்து ரோம் சுமார் 70 கி.மீ. 'ஃப்ளோரன்ஸ்' என்றால் லிவோர்னோ. 'பாரிஸ்' என்றால் லெ ஹாவ்ர், ஏறக்குறைய 200 கி.மீ. வெனிஸ் ஊருக்குள் பெரிய கப்பல்கள் வர 2021 ஆகஸ்ட் முதல் தடை. அதனால் பல கப்பல்களுக்கு 'வெனிஸ்' இப்போது ரவென்னா அல்லது ட்ரியெஸ்தே. ரயில் நேரத்தை மட்டும் கணக்குப் போட்டாலும் போதாது. சிவிடவெக்கியா ஸ்டேஷனிலிருந்து லார்கோ தெல்லா பாச்சே என்ற பஸ் நிறுத்தம் வரை ஒரு பஸ், அங்கிருந்து கப்பலடிக்குத் துறைமுக பஸ். அதற்கும் வரிசை இருக்கும்.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி. "இறங்கும்போது அட்டையை ஸ்கேன் பண்ணினாங்களே, நாங்க ஏறலைன்னு தெரியுமே, எப்படி விட்டுட்டுப் போகலாம்?"

தெரியும். தெரிந்துதான் போகிறார்கள். அந்த ஸ்கேன் கப்பலில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்ற கணக்குக்காக. உங்களுக்காகக் காத்திருக்கிறோம் என்ற உறுதிமொழி அல்ல. கப்பலை வெளியே எடுக்கும் பைலட்டுக்கு நேரம் குறித்தாயிற்று. அந்த இடத்துக்கு வேறு கப்பல் வரவேண்டியிருக்கும். அடுத்த துறைமுகத்திலும் நேரம் வாங்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்காக 3,000 பேரை நிறுத்த மாட்டார்கள். பெயரைச் சொல்லி அறிவிப்பார்கள், கேபினைத் தட்டிப் பார்ப்பார்கள், உள்ளே பாஸ்போர்ட் கிடைத்தால் கரையில் கப்பல் நிறுவனத்தின் ஆளாக இருக்கும் போர்ட் ஏஜென்ட்டிடம் கொடுப்பார்கள். பிறகு ஏணியைத் தூக்கிவிடுவார்கள். பால்கனி அறையா, பெரிய சூட் அறையா, எத்தனை லட்சம் கட்டினீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

கப்பலே நடத்தும் டூர் மட்டும்தான் விதிவிலக்கு. அந்த பஸ் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். "டபுள் ரேட் சார்" என்கிறீர்களே, அந்தக் கூடுதல் காசு இதற்குத்தான். பார்சிலோனா, ஏதென்ஸ் போலத் துறைமுகம் ஊரை ஒட்டியிருந்தால் தனியாகப் போங்கள், தடுக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் வேண்டாம்.

தினமும் கேபினுக்கு வரும் தாளில் போட்டிருப்பது கப்பல் கிளம்பும் நேரமா, நீங்கள் ஏறவேண்டிய நேரமா என்று பாருங்கள். பெரும்பாலும் அரை மணியாவது முன்னதாக ஏறியாக வேண்டும். இத்தாலியைவிட கிரீஸ் ஒரு மணி நேரம் முன்னால். போன் தானாக மாறிவிடும், கப்பலின் கடிகாரம் மாறாமலும் இருக்கலாம். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிரீஸின் சாண்டோரினி தீவில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது, சின்னப் படகில்தான் போய்வர வேண்டும். மலைமேல் இருக்கும் ஊரிலிருந்து சாயங்காலம் கீழே இறங்கும் கேபிள் கார் வரிசையைப் பார்த்தால் பயமாக இருக்கும். கடைசிப் படகை நம்பாதீர்கள்.

அந்தத் தாளிலேயே போர்ட் ஏஜென்ட் நம்பரும் இருக்கும். இறங்குமுன் அதைப் படம் எடுங்கள். பாஸ்போர்ட், விசா, மருந்துச் சீட்டு படங்களும் போனில் இருக்கட்டும். துருக்கியிலோ மாண்டினீக்ரோவிலோ கப்பல் நின்றால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாம் என்ற ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்ப நுழைய மல்டிபிள் என்ட்ரி விசா வேண்டும். விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள்.

அந்த அம்மாவுக்கு டாக்டரைத் தேடிச் சீட்டு வாங்கி ஊசி போடுவதற்குள் நள்ளிரவாகிவிட்டது. அப்பா அம்மாவை அனுப்பும் பிள்ளைகளே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: ரோமுக்கும் ஃப்ளோரன்ஸுக்குமாவது கப்பல் டூரையே போடுங்கள். இரண்டு நாள் மாத்திரையையும் இன்சுலினையும் கேபினில் விடாமல் தோள்பையில் வைத்துக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள்.