வயசுக்கு ஏத்த பிரஷர் என்று ஒன்று கிடையாது

மனைவியின் முட்டிவலிக்குத் துணையாக வந்திருந்தார் அவர். ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 61. "சார், வந்ததே வந்தீங்க, கையை நீட்டுங்க" என்றேன். 178/100. ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தால் 174/98.

"வயசுக்கு ஏத்த பிரஷர்தானே டாக்டர்? எனக்கு ஒரு கிறுகிறுப்புகூட இல்லையே!"

இந்தப் பதிலை நான் கேட்காத வாரமே இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எண்பது வருடங்களுக்கு முன் மருத்துவர்களே இப்படித்தான் நம்பினார்கள். வயதானால் ரத்தக்குழாய் இறுகும், இறுகிய குழாயில் ரத்தத்தைத் தள்ள அழுத்தம் ஏறத்தான் வேண்டும், அதைக் குறைத்தால் கெடுதல் என்பது அன்றைய பாடம். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1941-இல் 188/105 இருந்தது. வயதுக்கு இது இயல்புதான் என்பது அவருடைய மருத்துவரின் கருத்து. 1945 ஏப்ரல் 12 அன்று பின்தலையில் கடும் வலி என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்ததில் 300/190. மூளையில் ரத்தக்கசிவு, அன்றே இறந்துபோனார். வயது 63தான்.

மூன்று வருடம் கழித்து, 1948-இல், பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஃபிராமிங்காம் என்ற சிறிய ஊரில் ஓர் ஆய்வு தொடங்கியது. மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. 30 முதல் 62 வயதுவரை 5,209 பேரைச் சேர்த்தார்கள். நோயாளிகளைத் தேடிப் போகவில்லை. இதயநோய் வராமல், வேலைக்குப் போய்க்கொண்டு நன்றாக இருந்தவர்களைத்தான் கூப்பிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரவழைத்து ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, இசிஜி, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் குறித்துவைத்தார்கள். பிறகு, யாருக்கு என்ன வருகிறது என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

அந்தப் பொறுமைதான் விஷயம். மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் வருபவர், கை கால் விழுந்த பிறகு வருகிறார். பத்து வருடத்துக்கு முன் அவருக்கு எவ்வளவு பிரஷர், அதே அளவு இருந்து ஒன்றும் ஆகாதவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஊரோடு சேர்த்துக் கணக்கு வைத்தவர்களுக்கே அது தெரியும். 'ஆபத்துக் காரணி' என்று இன்று நாம் சொல்லும் சொல்லே 1961-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையால்தான் பரவியது. கீழ் அளவுதான் (178/100 என்றால் அந்த 100) முக்கியம், மேல் அளவு ஏறினால் பரவாயில்லை என்ற எண்ணமும் அந்தக் கணக்கில்தான் அடிபட்டுப்போனது. பிரஷர் ஏற ஏற மாரடைப்பும் பக்கவாதமும் கூடின. வயதானவர்களுக்கு அதில் விலக்கு எதுவும் இல்லை. பிரஷர் ஏறியவர்களில் பெரும்பாலோருக்குக் கிறுகிறுப்பு வருவதும் இல்லை.

அந்த ஊரில் இருந்தவர்கள் அநேகமாக எல்லாரும் வெள்ளையர்கள். நமக்கு இது பொருந்துமா என்று கேட்பது நியாயம்தான். மாரடைப்பு ஏன் வருகிறது என்று தேடி 2004-இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் நடந்தது. இந்தியாவும் அதில் உண்டு. காரணங்கள் எங்கும் அதேதான்: புகை, பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, தொப்பை, மன அழுத்தம் என்று நீளும் அதே பட்டியல். வேறுபட்டது வயது. முதல் மாரடைப்பு தெற்காசியர்களுக்கு 53 வயதுவாக்கில் வந்தது, மற்றவர்களுக்கு 59 வாக்கில். நமக்கு ஆறு வருடம் முன்னாலேயே வந்துவிடுகிறது.

"மாத்திரை ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாதே" என்று அடுத்துக் கேட்டார் ஆசிரியர். பிரஷர் இறங்கிவிட்டது என்று தாமாகவே நிறுத்திவிட்டு, வாய் கோணி, பேச்சுக் குழறி ஆட்டோவில் வந்து இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரை போடுவதால்தான் இறங்கியிருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரோ உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதனால் இவரிடம் அரைமணி நேரம் பேசினேன்.

ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைக்கச் சொல்லி, மாத்திரை எழுதினேன். வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து குறித்துவரவும் சொன்னேன். காபி குடித்து அரைமணி நேரம் கழிந்திருக்க வேண்டும். சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்றக் கூடாது. கால்மேல் கால் போடாமல், முதுகைச் சாய்த்து, பேசாமல் இருக்க வேண்டும். வீட்டுக் கணக்கில் சராசரி 135/85-ஐத் தொட்டாலே அது அதிகம்தான்.

போன வாரம் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வந்தார். கூடவே மகனும். மகனுக்கு வயது 34. மூன்று முறை அளந்தேன். 148/96-க்குக் கீழே இறங்கவில்லை. அந்த நோட்டிலேயே அடுத்த பக்கத்தில் அவருக்கும் கட்டம் போடச் சொல்லியிருக்கிறேன்.