அப்பா போட்ட பணம் கடனா, முதலா?

சிங்கப்பூரில் சீனக் குடும்பங்கள் நடத்தும் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. ஹார்டுவேர் கடையோ, உணவுப்பொருள் இறக்குமதியோ, பேலன்ஸ் ஷீட்டில் ஒரு வரி அநேகமாக இருக்கும்: இயக்குநருக்குத் தர வேண்டியது. அதாவது அப்பா போட்ட பணம். வட்டி கிடையாது, தவணை கிடையாது, துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. வங்கி கைவிரித்த மாதங்களில் சம்பளம் போட்டதும் சரக்கு எடுத்ததும் இதில்தான். லாபத்தையும் யாரும் வெளியே எடுப்பதில்லை, அது அடுத்த கிடங்காகவோ லாரியாகவோ மாறிவிடும். இந்தக் குடும்பங்கள் மளமளவென்று வளர்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்பா இறந்துவிட்டால் அதே வரிதான் வில்லங்கம். தவணை எழுதாத கடன், கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய கடன். கம்பெனி தர வேண்டிய அந்தப் பணமும் அவர் சொத்தில் சேர்ந்துவிடும். உயில் இல்லையென்றால் இங்குள்ள சட்டப்படி அவர் சொத்தில் பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. காலமெல்லாம் கடையில் நின்ற மகனுக்கும் வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கும் ஒரே பங்கு. மகள் கேட்பதில் தப்பே இல்லை; ஆனால் பணம் கிடங்கில் சரக்காகக் கிடக்கிறதே!

பெரிய குடும்பங்களும் இதிலிருந்து தப்பவில்லை. சோயா பாலுக்கும் டின் சிக்கன் கறிக்கும் பேர்போன யோ ஹியாப் செங், புஜியானில் சோயா சாஸ் காய்ச்சிப் பிழைத்த குடும்பம் 1930-களில் இங்கே கொண்டுவந்த தொழில். 1994-இல் பங்காளிச் சண்டை நீதிமன்றம் ஏறியது. மறு வருடமே கம்பெனி ரியல் எஸ்டேட் அதிபர் இங் டெங் ஃபோங்கின் ஃபார் ஈஸ்ட் குழுமத்தின் கைக்குப் போய்விட்டது.

1888-இல் குவாங்டோங்கில் சிப்பி சாஸோடு தொடங்கி, மக்காவ், ஹாங்காங் என்று இடம்பெயர்ந்த லீ கும் கீயும் இரண்டு முறை உடைந்தது. 1970-களில் சித்தப்பா பெரியப்பாக்களின் பங்கையும் 1980-களில் கூடப்பிறந்த தம்பியின் பங்கையும் மூன்றாம் தலைமுறை லீ மான் டாட் வாங்க வேண்டி வந்தது. அப்புறம்தான் குடும்பத்தார் கூடிப் பேசி முடிவெடுக்கும் குடும்ப மன்றம், எழுதிவைத்த விதிகள் எல்லாம். அவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: விலக விரும்புகிறவர் பங்கைக் கம்பெனிக்கே விற்றுவிடலாம், ஆனாலும் குடும்ப மன்றத்தில் அவருக்கு இடம் உண்டு.

சரி, சின்னக் கடை என்ன செய்யலாம்? அந்தப் பணம் கடனாகவே இருக்குமா, பங்கு முதலாக மாறுமா என்று அப்பா இருக்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விலகுபவரின் பங்குக்கு விலையை எப்படிக் கணக்கிடுவது, எத்தனை வருடத் தவணையில் கொடுப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சாவுப் பேச்சு அபசகுனம் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் நான் உயில் பேச்சையே எடுப்பதில்லை, வருடாந்தரக் கணக்கில் கையெழுத்துப் போட வரும்போது அந்த ஒரு வரியைக் காட்டி, “இதை எப்போது, யாருக்குத் திருப்பித் தருவதாக எழுதட்டும்?” என்றுதான் கேட்பேன்.