உத்தியோகம்: ஒரு சொல்லும் ஒரு கட்டமும்

‘உத்தியோகம் புருஷ லட்சணம்.’ மூன்றும் வடசொற்கள். வடமொழியில் ‘புருஷ’ என்றால் ஆண். நமக்குப் புருஷன் என்றால் கணவன். ‘லட்சணம்’ அங்கே அடையாளம், இயல்பு; இங்கே மூக்கும் முழியுமாக இருப்பது. அதனால் வேலைக்குப் போகிற கணவன்தான் அழகு என்று பழமொழி நம் காதில் விழுகிறது. பெண் கொடுக்கும் வீடுகளிலும் அது அப்படித்தான் புழங்குகிறது.

அதிகம் மாறியது ‘உத்தியோகம்’தான். அதன் முதற்பொருள் முயற்சி, முனைப்பு. மகாபாரதத்தின் உத்யோக பர்வத்தில் யாரும் ஆபீஸ் போவதில்லை, போருக்கு ஆயத்தமாகிறார்கள்.

அந்த முயற்சி மாதச் சம்பளமாகச் சுருங்கியதில் சென்னைக்குப் பங்குண்டு. முதலில் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு வழக்கு, பிறகு 1857இல் பல்கலைக்கழகம், அதன் பட்டத்தைக் காட்டிப் பிடித்த குமாஸ்தா நாற்காலி. நிலமும் குலத்தொழிலும் சொல்லிவந்த ‘நீ யார்’ என்பதை இப்போது நாற்காலி சொன்னது. அந்த நாற்காலிகள் ஒரு சாராரிடமே குவிந்ததால்தான் நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல், அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி ஆணை வந்தது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியது. காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்புகிறவர்தான் அப்பா என்றாயிற்று. கால் காசானாலும் கவர்மென்ட் காசு!

பழியை வெள்ளைக்காரன் மேலேயே போட்டுவிடவும் முடியாது. ‘வினையே ஆடவர்க்கு உயிரே’ என்று குறுந்தொகையின் 135ஆம் பாட்டிலேயே இருக்கிறது. பட்டிமன்றத்தில் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள். பாட்டின் முடிவு வேறு: நமக்கு இப்படிச் சொன்னவரே தலைவர்தான், அழாதே, பயணத்தை விட்டுவிடுவார் என்று தலைவியைத் தேற்றுகிறாள் தோழி.

சரி, தமிழில் என்ன சொல்வது? இன்றைய பொருளுக்குப் பணி, அலுவல் இரண்டும் போதும். அலுவலர், அலுவலகம் எல்லாம் நிலைத்துவிட்டன. பழைய பொருளுக்குக் குறளின் 62ஆம் அதிகாரத் தலைப்பிலேயே சொல் இருக்கிறது: ஆள்வினை. விடாமுயற்சி என்று பொருள். என் கணக்கில் இதுதான் நேர் ஈடு. இதில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை.

மேற்கு மாம்பலத்தில் ஒரு நண்பர். மனைவிக்கு ஓஎம்ஆரில் ஐடி வேலை. சமையலும் குழந்தையும் இவர் பொறுப்பு. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ‘தந்தையின் உத்தியோகம்’ என்ற கட்டத்தில் ‘வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று எழுதியிருக்கிறார். “அப்போ ‘இல்லை’ன்னு போடுங்க சார்” என்றாராம் அங்கிருந்தவர். இல்லத்தரசிக்கு ஆண்பாலாக ‘இல்லத்தரசன்’ என்று எழுதலாமா என்று நண்பர் யோசித்தாராம். அதைக் கேலிக்குத்தானே சொல்கிறோம். பேசாமல் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.