வால்வைக் கழற்றாதீங்கோ, ஃபானைப் பாருங்கோ

வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் முடிந்த கையோடு கராஜுக்கு வருகிறவர்களின் முறைப்பாடு ஒன்றுதான். "அண்ணை, மாங்குளத்தில இருந்து நல்லா வந்தது. முள்ளியவளை தாண்டிச் சனத்துக்குள்ள ஊரேக்கதான் சூட்டு முள் ஏறிட்டுது." இந்த முறை ஒரு தம்பி கையில் கட்டோடு வந்தார். என்ஜின் தண்ணியை ஆறவைக்கிற ரேடியேற்றர் கொதித்து நிற்க, அதன் மூடியைத் திறந்திருக்கிறார். வாகனத்தைத் திறந்து பார்த்தால் தெர்மோஸ்ரற் வால்வே இல்லை. முன்பு சூடானபோது யாரோ கழற்றி எறிந்துவிட்டார்களாம்.

இன்னும் எத்தனை பேருக்குச் சொல்வது? என்ஜின் குளிராக இருக்கும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிப்பதுதான் வால்வின் வேலை. பெரும்பாலான வாகனங்களில் 82 முதல் 88 பாகைக்குள் அது திறக்கத் தொடங்கும். நெரிசலில் முள் சிவப்பைத் தொடும்போது நல்ல வால்வு எப்போதோ முழுதாகத் திறந்திருக்கும். திறந்திருப்பதைக் கழற்றி என்ன லாபம்? இறுகிப்போன வால்வென்றால் ஏ9 வீதியில் வேகமாக ஓடும்போதும் சூடாகும். அப்போதும் புதிது போடவேணும், வெறுமையாக விடக்கூடாது. வால்வில்லாமல் ஓமந்தையில் இருந்து பரந்தன்வரை ஓடினால் என்ஜின் உரிய சூட்டுக்கே வராது. சென்சர் இன்னும் குளிர் என்று சொல்ல, வாகனத்தின் கொம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டி விடும். பிறகு "பெற்றோல் கூட இழுக்குது" என்று அதே வாகனத்தோடு என்னிடமே வருகிறீர்கள்.

ஓடினால் சூடாகாமல் ஊர்ந்தால் மட்டும் சூடாகிற வாகனத்துக்கு முதலில் காற்றைத்தான் பார்க்கவேணும். என்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போடுங்கோ. கரண்ட் ஃபான் உள்ள கார்களில் பெரும்பாலும் ஃபான் உடனே சுற்றவேணும். முன் கிறில்லில் ஒரு கடதாசியைப் பிடியுங்கோ. உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டால் நல்லது. வெளியே தள்ளினால் மோட்டரின் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இதை நான் கண்டிருக்கிறேன். ஃபானைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கவர் உடைந்தால் வீசிவிடாதீங்கோ, அது இல்லாவிட்டால் ஃபான் காற்றை ரேடியேற்றருக்குள்ளால் சரியாக இழுக்காது. நெல்லுச் சூடு மிதிக்கிற காலத்தில் வைக்கோல் தூசி, ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கிற ஏசி கொண்டன்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் அடைத்து நிற்கும். மெதுவான தண்ணீரால் கழுவவேணும். பிரஷர் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

அடுத்தது கிணற்றுத் தண்ணி. எங்கள் பக்கத்துக் கேத்தல்களின் அடியில் படிகிற வெள்ளைக் கல், ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் அப்படியே படியும். அவசரத்துக்கு விட்டால் பரவாயில்லை, பிறகு கழுவி, ரேடியேற்றருக்கென்றே விற்கிற கூலன்ட் திரவத்தை விடுங்கோ. ஒவ்வொரு கிழமையும் தண்ணி குறைகிறதென்றால் ஊற்றிக்கொண்டே இருக்காமல் ஒழுக்கைத் தேடுங்கோ.

முள் ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டுக் கண்ணாடிகளைத் திறவுங்கோ. வேர்க்கும்தான், ஆனாலும் என்ஜினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே எடுக்கும். ஆவி கிளம்பினால் ஓரங்கட்டி உடனே நிறுத்தவேணும். "வீடு கிட்டத்தானே" என்று ஓட்டித்தான் என்ஜினின் மேல்பாகமான ஹெட் வளைகிறது, அதற்குக் கீழே இருக்கிற காஸ்கட் போகிறது. சுட்ட என்ஜினில் பச்சைத் தண்ணி ஊற்றவும் வேண்டாம்.

மூடியைத் தொடாதீங்கோ, தயவுசெய்து. உள்ளே அழுத்தத்தில் இருப்பதால்தான் அந்தத் தண்ணி 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த கணமே பொங்கி முகத்தில் அடிக்கும். துணி பிடித்தாலும் காப்பாற்றாது. குறைந்தது அரை மணித்தியாலம் விட்டு, ரேடியேற்றரின் மேல் ஹோஸைக் கையால் அமத்திப் பாருங்கோ. இன்னும் விறைப்பாக இருந்தால், இன்னும் கொஞ்சம் பொறுங்கோ.