ஸ்டாம்ப்டு கான்கிரீட்: டிசைனைக் கடைசியில் பாருங்கள்

நான் போட்ட ஸ்டாம்ப்டு கான்கிரீட் (கல், செங்கல் போல அச்சுப் பதித்த கான்கிரீட்) தளங்களில் ஒன்றின் குறுக்கே இன்றைக்கும் ஒரு கோடு தெரியும். அது விரிசல் இல்லை, வெட்டும் இல்லை. கோட்டுக்கு ஒரு பக்கம் கல்லின் சொரசொரப்பு நன்றாக ஆழமாக விழுந்திருக்கும். மறுபக்கம் யாரோ பாதி அழித்துவிட்டுப் போன மாதிரி மழுங்கலாக இருக்கும். அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று பிடிபட எனக்கு 2 நாள் ஆயிற்று. காலை 11 மணிக்குச் சுற்றுச்சுவரின் நிழல் வந்து நிற்கும் இடம் அது. நிழலில் கிடந்த பாதி இன்னும் குழைவாக இருக்கும்போதே வெயிலில் கிடந்த பாதி இறுகிவிட்டது. நாங்களோ நிழல் பக்கத்திலிருந்து அச்சுப் பதிக்க ஆரம்பித்தோம். வெயில் பக்கம் வந்து சேர்ந்தபோது, அச்சுப் பாயின் மேல் ஏறி நின்று இடித்தும் பதியவில்லை.

டைல்ஸ் என்றால் பெயர்த்துவிட்டு வேறு ஒட்டலாம். பேவர் கல் என்றால் நாலு கல்லைத் தூக்கிவிட்டு மறுபடி அடுக்கலாம். ஸ்டாம்ப்டு கான்கிரீட்டில் அந்த வசதி கிடையாது. நன்றாக வந்தாலும் நிற்கும், கெட்டுப்போனாலும் நிற்கும். அதனால்தான் டிசைன் படத்தோடு வருகிறவர்களிடம் முதலில் மண்ணைப் பற்றிக் கேட்பேன். சிலருக்கு அது எரிச்சலாகக்கூட இருக்கும்.

இந்த வேலையில் மாயம் ஒன்றும் இல்லை. வழக்கமான கான்கிரீட்டைக் கொட்டி, நிறம் சேர்த்து, அது இறுகுவதற்குள் அச்சுப் பாய்களை வைத்து அழுத்துகிறோம், அவ்வளவுதான். 1950-களில் கலிபோர்னியாவில் பிராட் பௌமன் என்பவர் இதை ஒரு தொழிலாக வளர்த்தபோது இருந்தவை உலோக அச்சுகள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள கோட்டை மட்டும்தான் அவற்றால் பதிக்க முடியும். இப்போது நாம் பயன்படுத்துபவை பாலியூரித்தேன் பாய்கள். நிஜக் கல், செங்கல், மரப்பலகை ஆகியவற்றின் மேல் வார்த்து எடுத்தவை என்பதால் கல்லின் சுருக்கமும் மரத்தின் ரேகையும் அப்படியே விழும்.

சரி, உங்கள் வீட்டுக்கு இது ஒத்துவருமா? சில இடங்களில் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அடியில் தண்ணீர்க் குழாயோ சாக்கடைக் குழாயோ ஓடி, அதைப் பின்னால் தோண்ட வேண்டி வரலாம் என்றால் பேவர் கல்லே மேல். அச்சுக் கான்கிரீட்டை ஒருமுறை உடைத்தால் ஒட்டுப் போட்ட இடம் காலத்துக்கும் காட்டிக்கொடுக்கும். அதே நிறம், அதே ஆழம், அதே பழமை மூன்றும் சேர்ந்து அமையவே அமையாது. பெரிய மரம் பக்கத்தில் இருந்தால் வேர் தூக்கிவிடும். புதிதாக மண் நிரப்பிய இடம் என்றால் மண் முழுதாக அமர வேண்டும், அல்லது அடுக்கடுக்காக இறுக்கி நிரப்பியிருக்க வேண்டும். ‘ஒருமுறை போட்டால் அப்புறம் திரும்பிப் பார்க்க வேண்டாம்’ என்று யாராவது உங்களிடம் விற்றால் அதையும் நம்பாதீர்கள். மேல்பூச்சுக்குப் பராமரிப்பு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

விரிசலைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் காயும்போது சுருங்கும். சுருங்கினால் எங்காவது விரிசல் விடும். விடாத கான்கிரீட் தருகிறேன் என்று எவராலும் சொல்ல முடியாது. எங்கே விட வேண்டும் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். 4 அங்குலத் தளத்தில் 8 முதல் 10 அடிக்கு ரம்பத்தால் ஒரு வெட்டு, தளத்தின் கனத்தில் கால்வாசி ஆழத்துக்கு, அதாவது ஒரு அங்குலம் போட்டால், பெரும்பாலும் விரிசல் அந்த வெட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். கட்டங்கள் கூடியவரை சதுரமாக இருக்க வேண்டும். 4 அடி அகல நடைபாதையில் 10 அடிக்கு ஒரு வெட்டு என்றால் நடுவில் குறுக்கே விட்டுவிடும். அங்கே 4 அல்லது 5 அடிக்கு ஒன்று வேண்டும். மறுநாள் சாவகாசமாக வந்து வெட்டுவதும் உதவாது. பெரும்பாலான நிலைமைகளில் கொட்டி முடித்த 6 முதல் 12 மணி நேரத்துக்குள் வெட்டிவிட வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். அழகான டிசைனின் நடுவில் ரம்பக் கோடா என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். வெட்டு விழும் இடத்தை முன்கூட்டியே கணக்குப் பண்ணி, அச்சில் உள்ள கல் இடைவெளிக் கோட்டோடு பொருந்த வைத்தால் பாதிப் பேருக்கு அது கண்ணிலேயே படாது. இது வேலைக்கு முந்தின நாள் தாளில் போட வேண்டிய கணக்கு. தளம் வீட்டுச் சுவரையும் தூணையும் தொடும் இடத்தில் அரை அங்குல நுரைப் பட்டை வைத்துப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தளம் அசையும்போது மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும்.

அடிமண்ணுக்கு வருவோம். மேல்மண்ணையும் வேரையும் வழித்து எடுத்துவிட்டு, 4 முதல் 6 அங்குலம் ஜல்லி பரப்பி, தட்டுக் கம்பாக்டர் ஓட்டி இறுக்க வேண்டும். சின்ன நடைபாதை என்றால் திமுசுகூடப் போதும், ஆனால் முழுசாக இறுக வேண்டும். இறுக்கிய ஜல்லியின் மேல் குதிகாலை ஊன்றித் திருகிப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் வேலை பாக்கி. வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) அடிக்குக் கால் அங்குலம், வீட்டை விட்டு வெளிப்பக்கமாக. அச்சுத் தளத்தில் கல் இடைவெளிக் கோடுகள் எல்லாம் குட்டி வாய்க்கால்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். வாட்டம் குறைந்தால் மழை விட்டு வெகுநேரம் கழித்தும் அந்தக் கோடுகளில் தண்ணீர் நிற்கும், பாசி பிடிக்கும். கம்பி வலையை ஜல்லி மேல் விரித்துவிட்டு, கான்கிரீட் கொட்டும்போது கொக்கியால் இழுத்துவிட்டுக்கொள்ளலாம் என்பது வழக்கமான பேச்சு. யாரும் ஒழுங்காக இழுப்பதில்லை. கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) வைத்து மேல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்தினால்தான் வலைக்கு வேலை. நடக்கிற இடத்துக்கு 4 அங்குலக் கனம் போதும். கார் ஏறும் என்றால் 5 அல்லது 6.

கலவையில் ஒரு வாளித் தண்ணீர் கூடினால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பார்கள். சாதாரணத் தளத்தில் வலிமை குறையும்; நிறத் தளத்தில் அதோடு நிறமும் வெளுக்கும். முதல் கலவை ஒரு நிறம், மூன்றாவது கலவை வேறு நிறம் என்று திட்டுத்திட்டாக வரும். தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்கும் 0.5-க்கும் நடுவில், எல்லாக் கலவைக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஜல்லி சிறியதாக, 10 மி.மீ. அளவில் இருந்தால் அச்சு சுத்தமாக விழும். பெரிய ஜல்லி மேலே வந்து நின்றால் பாய் அதன் மேல் உட்கார்ந்து ஆடும். சீக்கிரம் இறுகட்டும் என்று கால்சியம் குளோரைடு கலந்த மருந்தை ஊற்றக் கூடாது, நிறம் புள்ளி புள்ளியாகிவிடும். பனி உறைகிற குளிர்ப் பகுதிகளில் கலவைக்குள் நுண்ணிய காற்றுக் குமிழ் சேர்க்கும் மருந்து அவசியம். இல்லையென்றால் உள்ளே புகுந்த தண்ணீர் உறைந்து விரிந்து மேல்தோலை உரித்துவிடும்.

நிறம் கொடுக்க இரண்டு வழி. கலவையிலேயே நிறப்பொடியைக் கலந்துவிடுவது ஒன்று. முனை உடைந்தாலும் உள்ளே சாம்பல் நிறம் எட்டிப்பார்க்காது. இன்னொன்று, கொட்டிச் சமன் செய்த பிறகு மேலே கலர் ஹார்டனர் என்ற நிறப்பொடியைத் தூவித் தேய்ப்பது. இதில் நிறம் எடுப்பாக இருக்கும், மேற்பரப்பும் கெட்டிப்படும். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ பிடிக்கும். முதலில் மூன்றில் இரண்டு பங்கு, அது ஈரத்தை உறிஞ்சிக் கருத்த பிறகு மீதி என்று இரண்டு தடவையாகத் தூவ வேண்டும். அது உறிஞ்சாமல் வெளிறிக் கிடந்தால் கொத்தனார் பழக்கதோஷத்தில் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பார். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பின்னால் தோல் தோலாக உரிகிற இடம் பெரும்பாலும் அப்படித் தெளித்த இடம்தான். எந்த வழியானாலும் இரும்பு ஆக்சைடு நிறமிகளையே கேட்டு வாங்குங்கள், வெயிலுக்கு அவை தாங்கும்.

இதற்கு மேல் ரிலீஸ் பவுடர் வருகிறது. பாய் கான்கிரீட்டில் ஒட்டாமல் இருக்கத்தான் அது. ஆனால் அடிநிறத்தைவிட ஒரு படி அடர்த்தியான பவுடரைத் தூவினால், கழுவிய பிறகும் பள்ளங்களில் கொஞ்சம் தங்கி, கல்லுக்குப் பழமை கொடுக்கும். கழுவும்போது பத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான் தங்க வேண்டும். முழுசாக விட்டுவிட்டால் மேலே அடிக்கும் சீலர் (பாதுகாப்பு மேல்பூச்சு) பவுடரைப் பிடித்துக்கொள்ளுமே தவிர கான்கிரீட்டைப் பிடிக்காது.

அச்சுப் பதிக்கும் நேரத்துக்கு இன்றைக்கும் விரல்தான் கருவி. விரலால் அழுத்தினால் 3 முதல் 5 மி.மீ. குழி விழ வேண்டும், விரலில் சிமென்ட் ஒட்டக் கூடாது, குழியின் விளிம்பு சரியாமல் நிற்க வேண்டும். ஒட்டினால் இன்னும் நேரம் ஆகவில்லை. குழியே விழாவிட்டால் நேரம் போய்விட்டது. அந்த நிழல் கோட்டுக்குப் பிறகு நான் ஒரே இடத்தில் அழுத்திப் பார்ப்பதில்லை. முந்தின நாளே நிழல் எப்போது எங்கே விழுகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டு, வெயில் பக்கத்தை முதலில் பதிக்கிற மாதிரி கொட்டும் வரிசையைத் திருப்பிவிடுவேன். வெயில் கடுமை என்றால் தளத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு நாளில் போடுவேன். கூலி கூடத்தான் செய்யும்.

பாய்கள் எத்தனை இருக்கின்றன என்று ஒப்பந்ததாரரிடம் கட்டாயம் கேளுங்கள். தளத்தின் அகலத்தை ஒரே வரிசையாக நிரப்பும் அளவும், அடுத்த வரிசை ஆரம்பிக்க ஒன்றிரண்டும் வேண்டும். நாலு பாயை வைத்துக்கொண்டு 16 அடி அகலத்தை ஓட்டுகிறவர்கள் ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்து வைப்பார்கள், வரிசை கோணும். முதல் வரிசைக்கு நூல் பிடிக்க வேண்டும், அது அரை அங்குலம் விலகினால் கடைசி வரிசை கண்ணை உறுத்தும். சுவர் ஓரத்துக்கு வளையும் பாய் தனியாக உண்டா என்றும் கேளுங்கள். ஓரங்களில் டிசைன் சப்பையாக இருக்கும் தளங்களில் பெரும்பாலும் அது இருந்திருக்காது.

இப்போது டிசைனைப் பார்க்கலாம். வட்டக்கல் அச்சு படத்தில் பிரமாதமாக இருக்கும். அதன் மேல் நாற்காலி போட்டால் நாலு காலில் ஒன்று அந்தரத்தில் நிற்கும். உட்காரும் முற்றத்துக்கு ஆழமில்லாத, கோடே இல்லாத சிலேட் கல் சொரசொரப்பைத்தான் நான் சொல்வேன். முதியவர்களோ சக்கர நாற்காலியோ இருக்கும் வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சுக்கே இடமில்லை. கூடுதல் லாபம், எங்காவது விரிசல் விட்டாலும் கல்லின் ரேகையோடு ரேகையாகக் கலந்துபோகும். செங்கல் அச்சில் அதே விரிசல் பளிச்சென்று தெரியும். குறுகிய நடைபாதையில் பெரிய பெரிய பலகைக் கல் வேண்டாம், பாதிக் கல்லாக வெட்டுப்பட்டு நிற்கும். அடர் நிறங்கள் வெயிலில் செருப்பில்லாத காலைச் சுடும். இதையெல்லாம் படத்தை வைத்து முடிவு செய்யாமல், அதே சிமென்ட், அதே மணல், அதே நிறம், அதே சீலரில் 2 அடி சதுரத்துக்கு ஒரு மாதிரி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஈரமாகவும் பாருங்கள், காய்ந்தும் பாருங்கள். ஒப்பந்ததாரர் முடித்த வேலைகளில் போன மாதம் முடித்ததைக் காட்டினால் போதாது, 3 வருடம் பழசானதைக் கேளுங்கள். புதிதில் எல்லாத் தளமும் அழகுதான்.

நீராற்றுதலில் ஒரு எச்சரிக்கை. சாதாரணத் தளத்துக்குச் செய்கிற மாதிரி ஈரச் சாக்குப் போட்டால் நிறத்தில் கறை விழும். பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் அதன் சுருக்கங்கள் அப்படியே தழும்பாகும். பின்னால் போடப் போகும் சீலரோடு ஒத்துப்போகும், ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும் கியூரிங் திரவமே நல்லது. ஒத்துப்போகுமா என்பதைச் சீலர் டப்பாவின் குறிப்பைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எனக்கு வரும் புகார்களில் அதிகம் சீலரைப் பற்றியது. “சார், வெள்ளை பூத்துடுச்சு” என்பார்கள். அதில் இரண்டு வகை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காற்றோடு சேர்ந்து வெள்ளைப் படிவமாவது ஒன்று. ஈரம் முழுக்கப் போகாமல் மேலே அக்ரிலிக் சீலரைக் கெட்டியாக அடித்ததால், ஈரம் அடியில் மாட்டிக்கொண்டு பால் போல வெளுப்பது இன்னொன்று. இரண்டாவதைத் தவிர்ப்பது சுலபம். சுமார் 28 நாள் பொறுக்க வேண்டும். அப்புறம் ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டித் தளத்தில் ஓர் இரவு விட்டு, காலையில் பிரித்துப் பாருங்கள். தாளின் அடியில் துளிகளோ, தளத்தில் கருத்த சதுரமோ தெரிந்தால் இன்னும் காய வேண்டும். காய்ந்த பிறகு, நடு மத்தியானத்தில் அடிக்காமல், வெயில் தணிந்த நேரத்தில் மெல்லிய பூச்சாக இரண்டு முறை. சுடும் தளத்தில் அடித்தால் குமிழ் குமிழாக வரும். இரண்டாவது பூச்சில் வழுக்காமல் இருக்கச் சேர்க்கும் பொடியைக் கலக்கச் சொல்லுங்கள். பளபளப்பு வேண்டும் என்று இதை வேண்டாம் என்பவர்கள் முதல் மழையில் வழுக்கியதும் கூப்பிடுகிறார்கள். பளபளப்பே தேவையில்லை என்றால் உள்ளே ஊடுருவும் சைலேன் வகைச் சீலர் இருக்கிறது. நிறம் அவ்வளவு எடுப்பாகத் தெரியாது, ஆனால் வழுக்கலும் உரிதலும் குறைவு.

அக்ரிலிக் பூச்சை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். நாள்காட்டியைப் பார்த்து அடிக்காதீர்கள். பழைய பூச்சு நன்றாக இருக்கும்போது மேலே மேலே ஏற்றினால் அதுவே வெளுத்து உரியும். அதிகமாக நடக்கும் இடத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளிகள் உருண்டு நின்றால் டப்பாவைத் திறக்க வேண்டாம். தண்ணீர் உள்ளே இறங்கி இடம் கருத்தால், கழுவிக் காயவிட்டு ஒரே ஒரு மெல்லிய பூச்சு.