ஐந்து நொடியின் விலை

வீட்டில் ரோயிங் மெஷின் (துடுப்புப் போடுவதுபோல் இழுக்கும் கருவி) வைத்து இடைவெளிப் பயிற்சி, அதாவது வேகச் சுற்றும் ஓய்வும் மாறி மாறி, செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான் குறித்துவைப்பார்கள்: 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம். போன மாதம் 2:30, இந்த மாதம் 2:25. சரி, ஐந்து நொடி குறைந்தது. சில மாதம் கழித்து 2:00-க்கு வந்த பிறகு, இன்னும் ஐந்தே ஐந்து நொடி குறைக்க நாக்கு தள்ளிவிடுகிறது. ஏன்?

கைப்பிடியை இழுத்தால் கூண்டுக்குள் ஒரு விசிறிச் சக்கரம் சுற்றி, காற்றைத் தள்ளுகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். கான்செப்ட்2 என்ற நிறுவனத்தின் மெஷினில் திரை போடும் கணக்கும் இதுதான்: ஒரு மீட்டருக்கு ஆகும் நொடிகளின் எண்ணை மூன்று தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி (அதாவது கனம்), அதனால் 2.8-ஐ வகுத்தால் வாட் வரும். 2:30 என்றால் ஏறத்தாழ 104 வாட், 2:25-க்கு 115. கூடுதல் பதினொன்றுதான். 2:00 என்பது 203 வாட் அளவு, 1:55-க்கோ 230. அதே ஐந்து நொடிக்கு இரண்டரை மடங்கு விலை! அதனால் நோட்டில் வாட்டையும் எழுதுங்கள்.

பக்கவாட்டில் 1 முதல் 10 வரை ஒரு நெம்புகோல் இருக்குமே, அதைப் பலர் எடை கூட்டும் கருவி என்று நினைத்து 10-இல் வைத்துவிடுகிறார்கள். அது காற்று நுழையும் வழியைத்தான் அகலப்படுத்துகிறது. இரண்டு இழுப்புகளுக்கு நடுவே சக்கரம் எவ்வளவு சீக்கிரம் வேகம் குறைகிறது என்று பார்த்து, காற்றின் தடையைத் திரை தானே அளந்துகொள்ளும். இந்த அளவுக்கு ‘டிராக் ஃபேக்டர்’ என்று பெயர். வலையில் தூசி அடைத்தால் இது இறங்கும். வாட் கணக்கு தப்பாது, ஆனால் உடம்புக்கு வேறு கியரில் சைக்கிள் மிதித்ததுபோல் இருக்கும். எனவே இரண்டு நாட்களை ஒப்பிட வேண்டுமானால் நெம்புகோல் எண்ணை விட டிராக் ஃபேக்டர் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம்.

எட்டு முறை 500 மீட்டர் போகிறீர்கள் என்றால், சிறந்த சுற்றைப் பார்த்து மகிழ்வதை விட முதல் சுற்றின் நேரத்துக்கும் கடைசிச் சுற்றின் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அது சுருங்குவதே நல்ல அறிகுறி. இதயத் துடிப்பு இங்கே கொஞ்சம் ஏமாற்றும். ஒரு நிமிடச் சுற்றில் அது ஏறி முடிப்பதற்குள் சுற்றே முடிந்துவிடும். ஓய்வின் முதல் நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதைக் குறிப்பது மேல். புழுக்கமான அறையில் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டியிருப்பதால், அதே வாட்டுக்குத் துடிப்பு கூடும். ஃபேன் ஓடியதா என்பதையும் எழுதிவைக்கலாம், சிரிக்காதீர்கள்.

அப்புறம், நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு என்பது. 200 வாட்டை 30 இழுப்பில் எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 400 ஜூல். 24 இழுப்பில் எடுத்தால் 500. நேரம் இரண்டிலும் ஒன்றேதான் காட்டும்.